கிராணி வீட்டு ரோஜா

ஸ்கூடாயில் நாங்கள் இருக்கும் தாமானில், கார் நிறுத்தியது போக வீட்டு முன்புறத்தில் மிஞ்சுவது நாலு பூந்தொட்டி வைக்கிற இடம்தான். போன வருஷம் ஒரு நாற்றுப் பண்ணையில் தொட்டி 18 வெள்ளி வீதம் மூன்று ரோஜா வாங்கி வந்தேன். மூன்றின் கழுத்திலும் பிளாஸ்டிக் அட்டை தொங்கியது: ‘ப்ளூ மூன்’, ‘டபுள் டிலைட்’, ‘பீஸ்’.

முதலில் பூத்தது ப்ளூ மூன். வெளுத்த ஊதா நிறம். “நீலமும் இல்ல, நிலாவும் இல்ல” என்றார் மனைவி. அடுத்து டபுள் டிலைட். வெண்ணெய் நிற இதழில் சிவப்புக் கரை வரவேண்டிய செடி அது. எனக்கு வந்ததோ குட்டிக் குட்டியாக, வாசனை இல்லாத ஒரே சிவப்பு. பீஸ் டிசம்பர் மழையைத் தாங்கவில்லை. இலையெல்லாம் கறுப்புப் பொட்டு வைத்து, மஞ்சளாகி, உதிர்ந்து, பெயருக்கேற்ப அமைதியாகப் போய்ச் சேர்ந்தது.

பண்ணைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்றுதான் நினைத்தேன். வேலைக்குச் சிங்கப்பூர் போகிற பஸ் பாலத்தில் நகராமல் நிற்கும் நேரங்களில் ரோஜாக்களைப் பற்றித் தேடிப் படித்தபோதுதான் பாதித் தப்பு பெயர்களின் மேல் என்று தெரிந்தது.

ப்ளூ மூன் ஜெர்மனியில் 1960-களில் உருவானது. அங்கே அதன் பெயர் மைன்ஸ் நகரத்துத் திருவிழாவைக் குறிக்கும். நீல நிலாவானது மற்ற நாடுகளில் விற்கத்தான். ரோஜாவின் உடம்பில் நீல நிறமியே கிடையாது. ஜப்பானில் சன்டோரி நிறுவனம் வேறு பூவின் மரபணுவைச் சேர்த்து 2009-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ‘நீல’ ரோஜாவும் பார்வைக்கு ஊதாதான்.

டபுள் டிலைட் கதை வேறு. கடையில் வாங்கும் ரோஜா பெரும்பாலும் ஒட்டுச்செடி. கீழே முரட்டு ரகம் ஒன்றின் வேர், மேலே நாம் ஆசைப்பட்ட ரகம். வெயிலிலோ மழையிலோ மேல் பாகம் பட்டுப்போனால் கீழே இருப்பவர் மெல்லத் தளிர்த்து, வீட்டைத் தன் பேருக்கு மாற்றிக்கொள்வார். அட்டை மட்டும் பழையபடி தொங்கும். அமெரிக்காவில் ‘டாக்டர் ஹ்யூயி’ என்ற வேர்ச்செடி இப்படிப் பல வீட்டுத் தோட்டங்களைப் பிடித்திருக்கிறது. நட்டது ஒன்று, பூப்பது டாக்டர்.

பீஸ் பெயர் வாங்கிய நாள் பெரிய நாள். பிரான்சில் மெய்லாண்ட் குடும்பம் உருவாக்கிய அந்த ரோஜாவுக்கு 1945 ஏப்ரல் 29-இல், பெர்லின் விழுந்துகொண்டிருந்த நேரத்தில், அமெரிக்காவில் ‘அமைதி’ என்று பெயர் வைத்தார்கள். பிரான்சில் அது மெய்லாண்ட் அம்மாவின் பெயர். இத்தாலியில் ‘மகிழ்ச்சி’, ஜெர்மனியில் ‘கடவுளின் மகிமை’. நாலு நாட்டில் நாலு பெயரோடு வாழ்ந்தது என் வீட்டில் ஏழு மாதம் இருந்தது.

தேடத் தேடச் சிரிப்பும் வந்தது. நியூசிலாந்தில் 1984-இல் வந்த அருமையான ரோஸ் நிற ரகத்தின் பெயர் ‘செக்ஸி ரெக்ஸி’. இதைத் தொட்டியில் எழுதி வைத்தால் வெள்ளிக்கிழமை பூ கேட்டு வரும் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு என்ன சொல்வது? பிரெஞ்சுக்காரர்கள் ஒரு பழைய ரோஜாவுக்கு ‘தேவதையின் தொடை’ என்றே பெயர் வைத்தார்கள். இங்கிலாந்துக்காரர்கள் கூச்சப்பட்டு ‘கன்னியின் நாணம்’ ஆக்கிக்கொண்டார்கள். 1901-இல் வந்த ஒரு வெள்ளை ரோஜாவுக்கு ஜெர்மன் ரோஜா சங்கத் தலைவரின் மனைவி பெயர், ‘ஃபிராவ் கார்ல் த்ருஷ்கி’. முதல் உலகப் போர் வந்ததும் பல நாடுகளில் அந்த அம்மாவின் பெயரை எடுத்துவிட்டு ‘பனி ராணி’ என்றார்கள். ‘கெட்சப் அண்ட் மஸ்டர்ட்’ என்றும் ஒன்று உண்டு. எதிரில் உட்கார்ந்தால் நாசி லெமாக் ஞாபகம்தான் வரும்.

எனக்கு மிகவும் பிடித்தது ‘ரோசா ஃபோயிடிடா’. நாற்ற ரோஜா என்று அர்த்தம். மேற்காசியப் பக்கத்துக் காட்டு ரோஜா, பளிச்சென்ற மஞ்சள், நல்ல வாசனை என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் இன்றைக்குக் கடையில் இருக்கும் அழுத்தமான மஞ்சள், ஆரஞ்சு ரோஜாக்களுக்கெல்லாம் அந்த நிறம் இதனிடமிருந்துதான் வந்தது. கூடவே கரும்புள்ளி நோய்க்குச் சீக்கிரம் விழுகிற பலவீனத்தையும் சொத்தாகக் கொடுத்திருக்கிறது. அந்தப் பூஞ்சைக்கு இலை சில மணி நேரம் ஈரமாக இருந்தால் போதும். ஜொகூரில் இலை காய்வதற்குத்தான் நேரம் கிடைப்பதில்லை. என் பீஸின் வம்சத்திலும் இந்த நாற்றக்காரர் இருக்கிறார்.

பெயர் விஷயத்தில் நாமும் குறைந்தவர்கள் இல்லை. ஜாலான் உங்கு புவானில் ராஜமாரியம்மன் கோயில் பக்கம் மாலை கட்டும் கடைகளில் குவிந்து கிடக்கிற சாமந்தியை மலாயில் ‘பூங்கா தாஹி ஆயாம்’ என்பார்கள். கோழிப் பீ! அம்மன் கழுத்தில் ஏறும்போது யாரும் அதை நினைப்பதில்லை. வேலியோரத்து நித்திய கல்யாணிக்கு நம் ஆட்களே வைத்த இன்னொரு பெயர் சுடுகாட்டு மல்லி. ஒரே செடிக்குக் கல்யாணமும் சுடுகாடும். ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் வின்கிரிஸ்டின் மருந்து அதிலிருந்துதான் எடுக்கப்படுகிறது.

இதையெல்லாம் பெரியம்மாவிடம் போனில் சொன்னபோது, “அட்டைய நம்பி ஏன்டா செடி வாங்குற? வந்து கிராணி ரோஜாவ எடுத்துட்டுப் போ. அப்புறம் கிடைக்காது” என்றார்.

அப்புறம் கிடைக்காது என்பதற்குக் காரணம் இருந்தது. பெரியம்மா குளுவாங் வீட்டைக் காலி செய்துவிட்டு, ஜொகூர் பாருவில் அண்ணன் வாங்கியிருக்கும் அடுக்குமாடிக்குக் குடிவரப் போகிறார். பதினோராவது மாடி. பால்கனியில் துணி காயப்போடத்தான் இடம்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் புறப்பட்டோம். கூலாய் தாண்டியதும் இரண்டு பக்கமும் செம்பனை. ஒரு காலத்தில் இதில் எவ்வளவோ ரப்பர் தோட்டமாக இருந்தது. இப்போது செம்பனையை வெட்டிவிட்டு வீடு கட்டுகிறார்கள். ஆயர் ஹீத்தாமில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, மண்பாண்டக் கடையில் இரண்டு சுட்ட மண் தொட்டி வாங்கினோம். பிளாஸ்டிக் தொட்டியில் வேர் வெந்துபோகும் என்பது பெரியம்மாவின் கட்சி. குளுவாங் ரயில் நிலையத்தில் 1938-லிருந்து நடக்கும் காப்பிக் கடையில் ஒரு கருப்புக் காப்பி, கரியில் வாட்டிய ரொட்டி. அங்கே நிற்காமல் போனால் பிள்ளைகள் விடமாட்டார்கள்.

கேட்டைத் திறக்கும் முன்பே வாசனை வந்தது. இடுப்பு உயரத்துக்குப் புதர். ரோஸ் நிறத்தில் உள்ளங்கைக்குள் அடங்கும் பூக்கள், கொத்தாக. கடை ரோஜாவின் நீண்ட காம்பும் கூரான மொட்டும் கிடையாது. பதினோரு மணிக்கே இதழ் தளர்ந்துவிடுகிறது. ஆனால் இலையில் ஒன்றிரண்டு புள்ளிதான்.

பெரியம்மா பிறந்து வளர்ந்தது குளுவாங்குக்கு வெளியே ஒரு தோட்டத்து லயத்தில். கிராணி வீட்டு வேலியில் இந்த ரோஜா நின்றது. பால்மரம் வெட்டப் போகிற வழியில், பன்னிரண்டு வயதில், ஒரு குச்சியை ஒடித்துக் கொசுவலைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறார். “கேட்டிருந்தா கொடுத்திருப்பாங்க. ஆனா யாரு போயி கேக்குறது?” பால் டின்னில் வளர்ந்து, லயம் முழுக்கப் பரவியிருக்கிறது. தோட்டம் கைமாறி ஆட்கள் கலைந்தபோது ஒவ்வொரு குடும்பமும் ஒரு டின்னைத் தூக்கிக்கொண்டு போனது. அம்மா அதைப் பன்னீர் ரோஜா என்பார். பெரியம்மாவின் பக்கத்து வீட்டு மாச்சிக்குக் ‘கம்போங் ரோஸ்’. அந்த லயத்திலிருந்து போன டின்களில் பெரியம்மாவுக்குத் தெரிந்து உயிரோடு இருப்பது இது ஒன்றுதான்.

மருந்து எதுவும் அடிப்பதில்லை. கருக்கிய உமியும் மணலும் கலந்த மண், தேத்தூள் சக்கை, காலை வெயில். தண்ணீர் வேருக்கு மட்டும், அதுவும் காலையில். ஒரு சுற்றுப் பூத்து முடிந்தால் முழங்கால் உயரத்துக்கு வெட்டு. இதில் ஒட்டு கிடையாது, முழுக்கத் தன் வேர். பட்டுப்போய் அடியிலிருந்து தளிர்த்தாலும் அதே ரோஜாதான் வரும். கொடைக்கானலில் ஐ.ஏ.எஸ். வேலையை விட்டுவிட்டு ரோஜா உருவாக்கும் வீரராகவன், வெப்ப நாடுகளுக்கென்றே வங்காளத்து ஈர நிலத்துக் காட்டு ரோஜாவையும் மணிப்பூர் மலை ரோஜாவையும் கலந்து பார்த்தவர். ரகம் ஒன்றுக்குத் தாவரவியல் மேதை ஜானகி அம்மாள் பெயரும் வைத்திருக்கிறார். அவர் செடி இங்கே கிடைத்தால் உடனே வாங்குவேன். அதுவரை கிராணிதான்.

இதற்கு முன் இரண்டு முறை குச்சி கொண்டுவந்து கெடுத்திருக்கிறேன். வேர் விட்டதா என்று வாரா வாரம் பிடுங்கிப் பார்த்தது என் தப்பு. இந்த முறை பெரியம்மா பென்சில் தடிமனில் ஐந்து குச்சி வெட்டினார். ஒரு சாண் நீளம், நாலு கணு, அடி சாய்வாக. நுனியில் இரண்டு இலை விட்டு மற்றதை உருவிவிட்டு, ஈர உமியில் ஊன்றி, அடி வெட்டிய தண்ணீர் போத்தலைக் கவிழ்க்கச் சொன்னார். “ஒரு மாசத்துக்குக் கை வைக்காத. வச்சேன்னு தெரிஞ்சுது, இந்தப் பக்கமே வராத.”

திரும்பும்போது பெரியம்மா கேட்டை மூடவில்லை. கார் திரும்புகிற வரை புதருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

ஐந்தில் மூன்று கறுத்துவிட்டன. இரண்டு தளிர்விட்டிருக்கின்றன, இலை ஓரம் சிவப்பாக. இதற்குள் பெரியம்மா பதினோராவது மாடிக்கு வந்துவிட்டார். அந்தப் பூவின் படத்தையும் பழைய ரகங்களின் படங்களையும் ஒப்பிட்டுப் பார்த்ததில், தமிழ்நாட்டில் மாலைக்குப் பறிக்கிற ‘எட்வர்ட்’ ரோஜாவோடு நெருங்கி வருகிறது. அதேதான் என்று அடித்துச் சொல்லமாட்டேன். மன்னர் எட்வர்ட் பெயர் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அது ரியூனியன் தீவில் தோன்றிய ரகம். யாரோ ஒரு நிலக்காரர் எட்வர்டின் பெயர் என்பார்கள். பின்னால் அதே தீவுக்குத் தமிழர்களையும் கரும்புத் தோட்ட வேலைக்குக் கொண்டுபோனார்கள்.

போனில் சொன்னேன். பெரியம்மா கொஞ்ச நேரம் யோசித்தார்.

“எட்வர்டா? தொர பேரு மாதிரில்ல இருக்கு. தொர பங்களாவுல ரோசாவே கெடையாதுடா. அது கிராணி வீட்லதான் இருந்துச்சு.”