கைதட்டிய கையே பிரம்பெடுத்தது!

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி செல்லும் வழியெங்கும் கரிசல். மழை பொய்த்தால் மண் வாய் பிளக்கும். அந்த மண்ணிலே, நெசவாளர் குடும்பத்திலே பிறந்தவன் நான்.

1984. பள்ளி ஆண்டு விழா. நாங்கள் அண்ணன் என்றழைத்த என் மூத்தவர் கண்ணகி வேடம் பூண்டார். சிலம்பைக் கையிலேந்தி நீதி கேட்டபோது கொட்டகை அதிர்ந்தது. முன்வரிசையில் அமர்ந்து கைதட்டினார் தந்தையார்.

வீடு திரும்பிய பின்னும் சேலையைக் களைய மனமின்றி நின்றார் அண்ணன். "அப்பா, இதுதான் நான்" என்றார். கைதட்டிய கையே பிரம்பெடுத்தது! மேடையிலே பெண்ணானால் பரிசு. வீட்டிலே பெண்ணானால் அடி! இதுவா நீதி?

நான் மட்டும் என்ன செய்தேன்? மறுநாள் பள்ளியிலே கேலி பேசியவர்களோடு சேர்ந்து நானும் சிரித்தேன். பிரம்பைவிட ஆழமாகப் பதிந்தது அந்தச் சிரிப்பு. மூன்றாண்டுகள் கழிந்தன. ஒரு விடியலிலே தறி ஓசையின்றிக் கிடந்தது. அண்ணன் ஊரைவிட்டே போய்விட்டார்.

திருவிழா இரவிலே கரகமெடுத்து ஆடிய திருநங்கையரைக் கண்டு ஊர் மகிழ்ந்தது. விடிந்ததும் தேநீர்க் கடையில் அவர்களைக் கண்டு முகம் சுளித்தது. ஆட்டம் வேண்டும், ஆடுபவர் வேண்டாம்! பிறர் களிக்க ஆடிய கலை அது.

அந்தக் கலையையே தம் கதை கூறும் கருவியாக்கினர் திருநங்கையர். 2007-இல் லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான் வித்யா' வெளிவந்தது. ரேவதி தம் வாழ்வை 'வெள்ளை மொழி'யாக எழுதினார், அ. மங்கையின் இயக்கத்தில் தாமே அதனை மேடையில் நடித்தும் காட்டினார். பிரியா பாபு முதலானோர் கண்ணாடிக் கலைக்குழுவாகத் திரண்டனர். மதுரை மண்ணின் நர்த்தகி நடராஜ் பரதக் கலையால் 2019-இல் பத்மஸ்ரீ பெற்றார்.

நாடகத்திற்கு நால்வர் கூடவேண்டும். கூடினால் பேச்சுப் பிறக்கும். "எனக்கு மட்டுமே இத்துயர்" என்றிருந்தவர், "நமக்கு" என்பார். தனி இழை அறுந்துபோகும்; பாவும் ஊடையும் சேர்ந்தாலன்றோ துணி! குடும்ப அட்டையும் குடியிருக்க வீடும் கேட்கும் துணிவு அங்கேதான் பிறக்கிறது. 2008-இல் தமிழ்நாட்டில் திருநங்கையர் நல வாரியம் அமைந்தது. தம் பாலினம் எதுவெனக் கூறும் உரிமை அவரவர்க்கே உண்டு என்று 2014-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.

வித்யாவின் நூலைப் படித்து முடித்த இரவு, பழைய அஞ்சலட்டை ஒன்றைத் தேடியெடுத்தேன். அதிலிருந்த மும்பை முகவரிக்குக் கடிதம் எழுதினேன். "அன்புள்ள அக்காள் அவர்களுக்கு" என்று தொடங்கும்போது கை நடுங்கியது.

பதில் வந்தது. பழியில்லை, பகையில்லை. "தம்பி, நம் ஊரில் நாங்கள் நாடகம் போட இடம் கிடைக்குமா?" என்று மட்டுமே கேட்டிருந்தார்.

தோழர்களே, அந்தக் கேள்வி எனக்கு மட்டுமா? மேடை தருவோம்! நாடகம் முடிந்ததும் நம் திண்ணையிலே சரிசமமாக இடமும் தருவோம்! கைதட்டுவது எளிது, கைகொடுப்பதே மனிதப் பண்பு.