ஆப்சென்ட்

"அப்பா, என் பக்கத்து சீட்டுப் பொண்ணு இன்னிக்கும் வரலப்பா." நாலாவது நாள்.

"காய்ச்சலா இருக்கும் கண்ணு."

"இல்லப்பா. அவங்கம்மாவுக்கு கார் ஓட்டப் பயமாம்."

டாலஸுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். மகளைப் பள்ளியில் சேர்த்தபோது வாடகை ஒப்பந்தமும் தடுப்பூசி அட்டையும்தான் கேட்டார்கள், விசாவைக் கேட்கவில்லை. பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டேன். அது ஒரு வழக்கின் பலன் என்பது பிறகுதான் தெரிந்தது. அதுவும் இதே டெக்சஸ் வழக்கு.

முறையான அனுமதியின்றி வந்த பிள்ளைகளின் படிப்புக்கு அரசுப் பணம் கிடையாது என்று 1975இல் இங்கே சட்டம் போட்டார்கள். 1977இல் டைலர் நகரப் பள்ளி நிர்வாகம் அப்படிப்பட்ட பிள்ளைக்கு ஆண்டுக்கு 1,000 டாலர் கட்டச் சொன்னது. நான்கு குடும்பங்கள் வழக்குப் போட்டன. பெயர் வெளியே வந்தாலே ஆபத்து, அதனால் 'டோ' என்ற பொதுப்பெயரில். நீதிமன்றத்திலேயே பிடித்துவிடுவார்களோ என்று மூட்டை முடிச்சுகளைக் காரில் ஏற்றிக்கொண்டுதான் விசாரணைக்கே போனார்களாம். 1982இல் உச்ச நீதிமன்றம் 5-4 என்று அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது.

அந்தத் தீர்ப்பு வகுப்பறைக் கதவைத் திறந்துவைத்தது. ஆனால் வீட்டிலிருந்து அந்தக் கதவு வரைக்கும் ஒரு ரோடு இருக்கிறதே? ஆவணம் இல்லாதவருக்கு டெக்சஸில் லைசென்ஸ் கிடையாது. போலீஸ் ஒருமுறை காரை நிறுத்தினால் போதும். பள்ளிகளில் கைது நடவடிக்கையைத் தவிர்க்கச் சொன்ன வழிகாட்டுதலும் 2025 ஜனவரியில் திரும்பப் பெறப்பட்டது. அது சட்டமல்ல, துறையின் உத்தரவு. அதனால் சுலபமாகப் போய்விட்டது. குழந்தை இங்கேயே பிறந்த குடிமகளாக இருந்தாலும் கார் ஓட்டுவது அம்மாதானே. வருகைப்பதிவை வைத்துத்தான் இங்கே பள்ளிக்கு மாநில நிதி என்பதால், அந்தக் காலி சீட்டின் நஷ்டம் என் மகளின் வகுப்புக்கும்தான்.

அன்றிரவு அந்த அம்மாவிடமிருந்து மெசேஜ். மொழிபெயர்ப்புச் செயலி எழுதிய விறைப்பான ஆங்கிலம்: காலையில் உங்கள் காரில் என் மகளையும் அழைத்துப் போக முடியுமா?

"நம்ம கிரீன் கார்டே இன்னும் வரல. நமக்கு எதுக்குங்க வம்பு?" என்றாள் மனைவி. அவள் மட்டும் அப்படி நினைக்கவில்லை. அவள் வாய்விட்டுச் சொன்னாள், அவ்வளவுதான். ஒரு குழந்தையைப் பள்ளியில் இறக்கிவிடுவதில் என்ன வந்துவிடும்? தெரிந்தும், "யோசித்துச் சொல்கிறேன்" என்று பதில் போட்டேன்.

மூன்று நாள் யோசித்தேன்.

திங்கட்கிழமை மகள் சொன்னாள், மேஜையில் ஒட்டியிருந்த பெயர்ச்சீட்டை மிஸ் எடுத்துட்டாங்களாம்.

எங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கு ஏழு நிமிஷம். அவர்கள் வீடு போகிற வழியில்தான்.