மொட்டைக் கோபுரம் நின்ற காலம்

மொட்டைக் கோபுரம் என்றதும் உங்களுக்கு ஒரு நிழல் ஞாபகம் வருகிறதென்றால் நீங்களும் நம்ம ஊர்க்காரர்தான். 1987-இல் பதின்மூன்று நிலையும் எழும்பி, 236 அடி உயரத்தில் ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம் ஆனபிறகு பிறந்த பிள்ளைகளிடம் அந்தப் பெயரைச் சொன்னால் விழிக்கிறார்கள். நமக்கோ அது தலையில்லாத வெறும் கல் வாசல். அடியில் பஸ்ஸும் மாட்டு வண்டியும் நுழைந்து போகும். கல்லில் எப்போதும் ஒரு ஈரக் குளிர்ச்சி இருக்கும். வௌவால் புழுக்கை வாடையும் பூக்கடை வாடையும் கலந்து வரும். அந்த நிழலில்தான் கேமரா மாமா பிலிம் மாட்டுவார்.

மாமாவுக்குப் பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் வேலை. சங்கு ஊதினால் போகவும் சங்கு ஊதினால் வரவுமான வேலை. ஆனால் ஊரில் யாருக்கும் அவரை ரயில்வேக்காரராகத் தெரியாது. ஸ்விட்சர்லாந்தில் செய்த போலெக்ஸ் எச்-16 ஒன்று அவரிடம் இருந்தது. எப்படி, யாரிடமிருந்து வந்தது என்பதை அவர் ஒருமுறைகூட ஒரே மாதிரி சொன்னதில்லை. கையில் வாங்கினால் தோள் இறங்கும் கனம். உலோகமும் கறுப்புத் தோலும். பேட்டரி கிடையாது, பக்கத்தில் இருக்கும் கைப்பிடியைச் சுற்றிச் சாவி கொடுக்க வேண்டும். முழுச் சாவிக்கு அரை நிமிஷம்கூட ஓடாது, அதற்குள் ஸ்பிரிங் தளர்ந்துவிடும். ஓடும்போது எழும் சத்தம் இருக்கிறதே, அந்த 'கிர்ர்ர்' ஒலி, அதைக் கேட்டால் சன்னதித் தெருவில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லாம் போட்டது போட்டபடி ஓடி வருவோம்.

துண்டைத் தலைக்குமேல் போர்த்திக்கொண்டு, திண்ணையோரம் உட்கார்ந்து, மடிக்குள் கேமராவைத் திறப்பார். சுருளின் வெளிச்சுற்று கொஞ்சம் வெளிச்சம் பட்டுப் போகும். அது போனால் போகட்டும், உள்ளே பட்டுவிடக் கூடாது. பிலிம் நுனியைப் பல்சக்கரத்தில் கொடுத்து, மேலே ஒரு வளைவு, கீழே ஒரு வளைவு. மூடுவதற்கு முன், பிலிம் ஓடும் 'கேட்' பகுதியை ஒரு மெல்லிய தூரிகையால் துடைத்து, வாயால் ஊதாதே என்று எங்களிடம் சொல்லி (எச்சில் தெறிக்குமாம்), பிறகு டப் என்று மூடுவார். மூடிய டப்பாவை ஒருமுறை தடவிக்கொடுப்பார். கோயில் யானையைப் பாகன் தடவிக்கொடுக்கிற மாதிரி இருக்கும்.

ஒரு சுருள் 100 அடி. விநாடிக்கு 24 படம் என்று ஓடவிட்டால் 2 நிமிஷம் 46 விநாடியில் தீர்ந்துபோகும். சித்திரைத் தேர் நாலு சித்திரை வீதியும் சுற்றி நிலைக்கு வர எவ்வளவு நேரமாகும் என்று உங்களுக்குத் தெரியும். அத்தனை பெரிய காலையை இத்தனை சின்னச் சுருளுக்குள் அடக்க வேண்டும். அதனால் மாமா அதிகநேரம் எடுக்கமாட்டார், பார்த்துக்கொண்டே நிற்பார். வடம் தரையிலிருந்து எழும்பும் அந்த ஒரு கணம். சக்கரத்துக்கு முட்டுக்கட்டை கொடுக்கிறவர்களின் கால் விரல்கள். மாடியிலிருந்து கைகூப்பும் கிழவிகள். வெற்றிலைச் சாறு வழியும் வாயோடு 'கோவிந்தா' போடும் ஒரு முகம். "மொதல்ல கண்ணால பாருடா அம்பி. கண்ணுல பிடிச்சா அப்புறம் சாவி குடு" என்பார். எனக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த பாடங்களில் பாதி மறந்துவிட்டது. இது மறக்கவில்லை.

வைகுண்ட ஏகாதசியன்று மட்டும் அவர் முகம் வாடியிருக்கும். பரமபத வாசல் திறப்பது விடியலுக்கு முன்னே. தீவட்டி வெளிச்சமும் கூட்டத்தின் மூச்சும் பனியுமாக அதைவிடப் படத்துக்கு ஏற்ற காட்சி உலகத்தில் கிடையாது. ஆனால் அன்றைய வண்ண பிலிமுக்கு அந்த வெளிச்சம் காணாது. கோடாக்ரோமின் வேகம் 25 ஏ.எஸ்.ஏ.தான். வெயிலில் தங்கம் மாதிரி நிறம் பிடிக்கிற அதே பிலிம் இருட்டில் ஒன்றுமே காட்டாது. அதனால் நம்பெருமாள் ரத்னாங்கியில் வாசல் தாண்டி வருவது மாமாவின் எந்தச் சுருளிலும் இல்லை. வெயில் ஏறியபிறகு ஆயிரங்கால் மண்டபத்து மணல்வெளியில் களைத்து உட்கார்ந்திருக்கும் ஜனங்கள்தான் இருக்கிறார்கள். தூங்கிப்போன குழந்தைகள். கட்டுச்சோற்று மூட்டையைப் பிரிக்கும் கைகள். தோளில் துளசி மாலையோடு தூணில் சாய்ந்த ஒரு பெரியவர். இருட்டு அவருக்குத் தராததை வெயில் இப்படி ஈடுகட்டியது என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

ஆடிப் பதினெட்டு வேறு விதம். அன்றைக்கு வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை. அம்மா மண்டபப் படித்துறையில் காதோலை கருகமணியும் மஞ்சளும் பூவும், காவிரி செங்காவியாகச் சுழித்துப் போக, தெருவில் பொடியன்கள் சப்பரம் இழுத்துக்கொண்டு ஓடுவார்கள். மாமா படியில் முழங்கால் தண்ணீரில் நின்று எடுப்பார். பாலத்தில் ரயில் வரும் சத்தம் கேட்டால் சட்டென்று அந்தப் பக்கம் திரும்பிவிடுவார். ரயில்வே ரத்தம்.

எடுத்த சுருள் டப்பாவுக்குள் போய், டேப் சுற்றி, ரிஜிஸ்டர் பார்சலில் வெளியூர் போகும். கறுப்பு வெள்ளையானால் சென்னை லேப். வண்ணமானால் இன்னும் தூரம், இன்னும் நாளாகும். கழுவி வருகிறவரைக்கும் என்ன விழுந்தது, என்ன விழவில்லை என்று யாருக்கும் தெரியாது. தபால்காரரைப் பார்த்தால் மாமி வாசலிலேயே, "டப்பா வந்துதா?" என்று கேட்பாள். சித்திரையில் எடுத்தது ஆனியில் வரும். அதற்குள் படத்தில் இருந்தவர்களில் ஒருவர் இறந்துபோயிருப்பார். நிஜமாகவே அப்படி நடந்ததுண்டு.

வந்த அன்று ராத்திரி மாமா வீட்டு ரேழியில் ஓட்டுவார். நாலு முழ வேட்டியைச் சுவரில் கட்டி, புரொஜெக்டரை ஸ்டூலில் வைத்து, அதற்கடியில் ஒரு பஞ்சாங்கம். விளக்குச் சூட்டில் தூசி கருகும் ஒரு வாசனை வரும். கூடவே கொசுவர்த்தி, மல்லிகைப் பூ, கூடத்தில் யாரோ இறக்கிய காபி. படத்துக்குச் சத்தம் கிடையாது. சத்தம் எல்லாம் நாங்கள்தான். "அதோ பாரு, நம்ம எதிராத்துப் பாட்டி!" "அந்த மூக்குத்தி யாரு?" "அய்யோ, இவர் போய்ட்டாரேடா..." அப்புறம் கொஞ்ச நேரம் புரொஜெக்டர் மட்டும் பேசும். இறந்தவர் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டுக் கூட்டத்தில் மறைவார். யாராவது "இன்னொரு தடவை" என்பார்கள். மாமா மறுபேச்சுப் பேசாமல் சுருளைத் திருப்பிச் சுற்றுவார்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம், திருச்சி டவுனில், இதே பிலிம் இன்னும் பெரிய உருவத்தில் இருந்தது. கெயிட்டி, வெலிங்டன், ஜூபிடர், ராக்சி, பாலக்கரை பிரபாத், இங்கிலீஷ் படத்துக்குப் பிளாசா. வரிசையாகச் சொன்னால் உங்களுக்கும் ஒவ்வொன்றின் முறுக்கு ருசியும் நாற்காலி மூட்டைப்பூச்சியும் தனித்தனியாக ஞாபகம் வரும். சினிமா வியாபாரத்தில் நம்ம ஊர் டி.டி. ஏரியா, திருச்சி-தஞ்சாவூர். இரண்டரை மணி நேரப் படம் என்றால் 13,500 அடி பிலிம், தகரப் பெட்டிக்குள். பெட்டி வந்துவிட்டதா என்பதே ஊர்ப் பேச்சு. ஜங்ஷனில் பார்சல் இறங்கி ரிக்‌ஷாவில் போகும் பெட்டிக்குப் பின்னால் மாலையோடு ரசிகர்கள் ஓடியதை நான் பார்த்திருக்கிறேன்.

மாமாவின் சிநேகிதர் ஒரு கொட்டகையில் ஆப்பரேட்டர். எங்களுக்கு ஆப்பரேட்டர் அண்ணன். அவருடைய அறைக்குப் போவதென்றால் திருநாள்தான். இரண்டு மெஷின்கள்; ஒவ்வொன்றின் வயிற்றிலும் இரண்டு கார்பன் குச்சிகள் நுனியோடு நுனி எரியும். கறுப்புக் கண்ணாடி வழியாக மட்டும்தான் அந்தத் தீயைப் பார்க்கலாம். குச்சி தேயத் தேய அண்ணன் திருகைத் திருகி இடைவெளியைச் சரிபண்ணிக்கொண்டே இருப்பார். விட்டால் திரை மஞ்சளாகும், கீழேயிருந்து விசில் வரும். பனியன் முதுகோடு ஒட்டியிருக்கும். திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி மின்னும், அது மெஷினைத் தயார் பண்ணச் சொல்கிற சைகை. இரண்டாம் புள்ளியில் மாற்றிவிட வேண்டும். கீழே அத்தனை பேர் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருப்பார்கள், ஒருவருக்கும் தெரியாமல் ரீல் மாறிவிடும்.

அறுந்தால் பிளேடால் நுனியைச் சுரண்டி, பிலிம் சிமெண்டு தடவி, அழுத்திப் பிடிப்பார். இனிப்பும் காரமுமாக மூக்கில் ஏறும் ஒரு வாடை அது. ஒவ்வொரு ஒட்டுக்கும் இரண்டொரு படம் குறையும். முதல் சுற்றில் முழுசாக இருந்த பாட்டு, டவுன் கொட்டகை முடிந்து டூரிங் கொட்டகைக்கு வருவதற்குள் துள்ளித் துள்ளித்தான் ஓடும். கூடவே கீறல்கள் மழையாகப் பெய்யும். வெட்டி எறிந்த துண்டுகளை அண்ணன் எங்களுக்கு அள்ளிக் கொடுப்பார். பியூஸ் போன பல்பின் உள்ளைத் தட்டி எடுத்து, தண்ணீர் நிரப்பி, முற்றத்து வெயிலைக் கண்ணாடியால் திருப்பி உள்ளே அடித்து, பிலிமைத் தலைகீழாகப் பிடித்தால் சுவரில் எம்.ஜி.ஆர். நிமிர்ந்து நிற்பார். நீங்களும் செய்திருப்பீர்கள். எந்தத் தெருவில் செய்யவில்லை?

மாமா அடிக்கடி சொல்லும் ஒரு பெயர் உண்டு: சாமிக்கண்ணு வின்சென்ட். கோயம்புத்தூர்க்காரர், ஆனால் நம்ம ஊரில் ரயில்வேயில் வரைவாளராக இருந்தவர். 1905-இல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் படம் காட்டிக்கொண்டு இங்கே வந்து, உடம்பு முடியாமல் ஊர் திரும்பத் தீர்மானித்தபோது, அவருடைய புரொஜெக்டரையும் இயேசுவின் வாழ்க்கைப் படத்தையும் விலைக்கு வாங்கிக்கொண்டார். வேலையை விட்டுவிட்டு, கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். பின்னால் 1914-இல் கோவையில் வெரைட்டி ஹால் கட்டியவரும் அவரே. தென்னாட்டுச் சினிமாவின் முதல் கூடாரத்துக்கு வேர் நம்ம திருச்சி ரயிலடியில்தான் இருக்கிறது. பொன்மலைச் சங்குக்குக் கட்டுப்பட்டு உழைத்த மாமாவுக்கு அந்தக் கதையைச் சொல்லும்போது குரல் மாறும். வேலையை விட அவரால் முடியவில்லை. மூன்று பெண்கள்.

இப்போது போனால் பிளாசா இல்லை. மற்றவற்றில் எது கல்யாண மண்டபம், எது கார் நிறுத்துமிடம் என்று விசாரித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். மெஷின்கள் பழைய இரும்பு விலைக்குப் போயின. ஊட்டியில் 'இந்து' பிலிம் செய்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் மூடிக்கிடக்கிறது. சென்னை லேப்களில் கழுவும் தொட்டிகள் வற்றிவிட்டன. கோடாக்ரோமைக் கழுவ உலகத்தில் கடைசியாக இருந்த ஓர் இடமும் 2010 முடிவில் நிறுத்திக்கொண்டது. ஆப்பரேட்டர் அண்ணன் கடைசி நாட்களில் ஒரு செருப்புக் கடை வாசலில் காவலுக்கு உட்கார்ந்திருந்தார். விரல் நுனிகளில் பழைய சூட்டுத் தழும்பு அப்படியே இருந்தது.

மாமா வீட்டை இடித்தபோது பரணிலிருந்த டப்பாக்களை அவர் பெண் என்னிடம் கொடுத்தாள். மூடியைத் திறந்ததும் காடி நெடி முகத்தில் அடித்தது. அசிடேட் பிலிம் சிதையும்போது வருகிற புளிப்பு அது. இரண்டு ஆற்றுக்கு நடுவே இருக்கும் நம்ம ஊர் ஈரமும் வெக்கையும் அதற்கு ரொம்பத் தோது. பிலிம் சுருங்கி, ஓரத் துளைகள் பல்சக்கரத்தில் உட்கார மறுக்கின்றன. தேர்ச் சுருள் ஒன்று அடையாக ஒட்டிப்போயிருந்தது. ஆடிப்பெருக்குச் சுருளில் பாதி தேறும் என்கிறார்கள்.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு டப்பா இருக்கலாம். தாத்தா கல்யாணமோ, யாருடைய உபநயனமோ, வெறும் திண்ணைக் கூட்டமோ. குப்பை என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். புளித்த வாடை வந்தால் அந்தச் சுருளை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்து வையுங்கள், ஒன்றின் காடி அடுத்ததற்கும் பரவும். பிளாஸ்டிக்கில் இறுக்கிக் கட்டாமல் காற்றோட்டமாக, குளிர்ச்சியான, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். பழைய புரொஜெக்டர் கிடைத்ததென்று ஆசையில் ஓட்டிப் பார்க்காதீர்கள், சுருங்கிய பிலிம் கிழிந்துவிடும். ஸ்கேன் செய்யத் தெரிந்தவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களிடம் சீக்கிரம் கொண்டுபோய்க் கொடுங்கள். அதில் யார் யார் என்று அடையாளம் சொல்லக்கூடிய பாட்டி ஒருத்தி வீட்டில் இருந்தால், அவளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பாருங்கள், பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள்.