ஏழடி தள்ளி நில்லுங்கள்



உங்கள் வீட்டுச் சுவரில் மாலை போட்டு மாட்டியிருக்கும் தாத்தா, பாட்டி படத்தைச் சற்று உற்றுப் பாருங்கள். பல வீடுகளில் அது அடையாள அட்டைக்காக எடுத்த படமாகத்தான் இருக்கும். 1948-இல் அவசரகாலம் வந்தபோது, 12 வயதும் அதற்கு மேலும் ஆன ஒவ்வொருவரும் படமும் கைரேகையும் பதித்த அடையாள அட்டை வைத்திருக்க வேண்டும் என்று அரசாங்கம் சட்டம் போட்டது. தோட்டத்து மக்களில் எத்தனையோ பேருக்கு அதுதான் வாழ்நாளின் முதல் படம். மிரண்ட கண்கள், இறுகிய உதடு! அந்தச் சின்னஞ்சிறு படத்தைச் சாவு வீட்டு அவசரத்தில் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டிவிட்டோம். பேரப்பிள்ளைகளுக்குத் தாத்தா என்றால் அந்த மிரண்ட முகந்தான்.

குளுவாங், சிகாமட் பக்கத்துத் தோட்டங்களில் நான் பல ஆண்டுகளாகப் படம் பிடித்து வருகிறேன். "அண்ணே, அப்பா தவறிட்டாரு. ஐசி படத்தைக் கொஞ்சம் பெருசாக்கித் தாங்க" என்று கேட்டு வருகிறவர்களுக்கு இன்றைக்கும் குறைவில்லை. ஆளுக்கொரு கைப்பேசி இருக்கும் காலத்தில் இப்படியா என்று நீங்கள் கேட்கலாம். கைப்பேசியில் ஆயிரம் படம் கிடக்கிறது. அப்பாவின் முகம் அப்பாவின் முகமாகவே தெரிகிற படம் மட்டும் ஒன்றுகூடத் தேறுவதில்லை. மூக்கு பெருத்திருக்கும், காது ஒடுங்கியிருக்கும், நெற்றி உருண்டிருக்கும். "எங்கப்பா இப்படி இல்லையே" என்று மகளே சொல்வார்.

ஏன் இப்படி ஆகிறது? நம் மூக்கு நுனிக்கும் காதுக்கும் இடையே ஏறத்தாழ அரைச் சாண் தூரம் இருக்கிறது. ஒன்றரை அடி தூரத்தில் கேமராவை நீட்டினால், காதைவிட மூக்கு கேமராவுக்கு மிகவும் நெருங்கிவிடுகிறது. அதனால் கால் பங்கு பெரிதாகத் தெரிகிறது. ஏழடி தள்ளி நின்றால் அந்த வித்தியாசம் இருபதில் ஒரு பங்காகக் குறைந்துவிடும், கண்ணுக்கே தெரியாது. முகத்தைக் கெடுப்பதும் காப்பாற்றுவதும் நீங்கள் நிற்கும் தூரம். அந்தத் தூரத்தில் நிற்க உங்களுக்கு வசதி செய்து தருவதுதான் லென்சின் வேலை. கடைக்காரர் எவ்வளவு அளந்தாலும் இதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

லென்சின் மேல் 28, 50, 85, 135 என்று மில்லிமீட்டர் கணக்கு எழுதியிருக்கும். பழைய ஃபிலிம் கேமரா அளவுக்குச் சொல்கிறேன். ஒருவரை மார்பளவில் படம் முழுக்க நிரப்ப, 28 லென்சு என்றால் இரண்டடிக்குப் போக வேண்டும். 50 என்றால் நான்கடி. 85 என்றால் ஆறரை, ஏழடி. 135 என்றால் பத்தடிக்கும் மேல். கைப்பேசியின் பெரிய கண் ஏறக்குறைய 24-இலிருந்து 28 வரைதான். ஆகவே அது உங்களை அறியாமலே ஆளின் முகத்தருகே இழுத்துக்கொண்டு போகிறது.

என்னைக் கேட்டால் வெளியில் முகம் எடுக்க 85 போதும். 135 நல்ல லென்சுதான்; ஆனால் பத்தடிக்கு அப்பால் நின்று பேசினால் நம் வயதானவர்களுக்குக் காது கேட்காது. "ஆயா, அப்படியே தீம்பார் பக்கம் பாருங்க" என்று கத்த வேண்டியிருக்கும். கத்தினால் சிரிப்பு போய்விடும். ஏழடி என்பது அஞ்சடியில் உட்கார்ந்து கதை பேசுகிற தூரம்.

முகப்பட லென்சு நேற்று வந்த சங்கதி அல்ல. 1840-இலேயே வியன்னா நகரில் பெட்ஸ்வால் என்ற கணிதப் பேராசிரியர் இதற்கென்றே ஒரு லென்சு வகுத்தார். நம் காலத்தில் உலகமே பார்த்த ஒரு முகம் உண்டு. 1984-இல் பாகிஸ்தானின் நாசிர் பாக் அகதி முகாமில், ஒரு பள்ளிக் கூடாரத்தில், பச்சைக் கண் கொண்ட ஆப்கான் சிறுமி ஷர்பத் குலாவை ஸ்டீவ் மெக்கரி எடுத்தார். மறு ஆண்டு ஜூனில் அது நேஷனல் ஜியோகிராஃபிக் இதழின் அட்டையில் வந்தது. அதற்கு அவர் மாட்டியிருந்தது நிக்கான் 105 லென்சு. (அந்தப் பெண்ணின் விருப்பத்தைச் சரியாகக் கேட்டார்களா என்ற கேள்வி பின்னால் எழுந்தது. நம் ஆயாவானாலும் கேட்டுவிட்டே எடுங்கள்.)

சரி, காசுக்கு வருவோம். பலர் வைத்திருப்பது சிறிய சென்சார் கொண்ட கேமரா. அதில் 50 லென்சை மாட்டினாலே 75, 80 போல வேலை செய்யும். 1.8 துவாரமுள்ள 50 லென்சு பல கம்பெனிகளில் மலிவான சரக்கு. சில நூறு வெள்ளியில் புதிதாகவே கிடைக்கும். அதுவும் முடியாதா? கேமராவோடு கூட வந்த 18-55 லென்சை 55-இல் நிறுத்திவிட்டு ஏழடி தள்ளிப் போங்கள். ஒரு காசு செலவில்லை. அப்பா காலத்து ஃபிலிம் கேமராவின் லென்சு அலமாரியில் கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். கண்ணாடி இல்லாத இன்றைய கேமராக்களில் அடாப்டர் வளையம் வைத்து அதை மாட்டலாம். குவியத்தைக் கையால் திருப்ப வேண்டும், அவ்வளவுதான். கைப்பேசி மட்டும் உள்ளவர்கள் இரண்டு மடங்கு அல்லது மூன்று மடங்கு என்ற பொத்தானை அழுத்தி, மூன்று எட்டு பின்னால் போய் எடுங்கள்.

துவாரத்தைப் பற்றித்தான் எனக்கு ஊரோடு சண்டை. "பின்னணி நல்லா மங்கலாக வரணும் அண்ணே" என்று இளைஞர்கள் 1.8, 1.4 என்று பணத்தைக் கொட்டுகிறார்கள். ஏழடியில் 85 லென்சை 1.8-இல் திறந்தால், தெளிவாக விழும் ஆழம் இரண்டரை அங்குலத்தைத் தாண்டாது. கண் தெளியும், காதுத் தோடு கரைந்துவிடும். துவாரத்தை 4-க்குக் குறைத்தால் ஐந்தங்குலம் கிடைக்கும், முகம் முழுதும் அடங்கும். கைப்பேசி கணக்குப் போட்டு மங்கலாக்கும் படத்திலோ, நரைமுடியின் ஓரத்தைக் கத்தரித்தது போல் வெட்டிவிடுகிறது.

அதோடு, எதை மங்கலாக்குகிறோம் என்றும் பார்க்க வேண்டாமா? பின்னால் இருப்பது லயம், பால்மரம், மாரியம்மன் கோயில். ஜொகூரில் எத்தனை ரப்பர் தோட்டங்கள் செம்பனையாகி, பிறகு வீடமைப்புப் பகுதியாகிவிட்டன என்று உங்களுக்கே தெரியும். பாட்டி முப்பது ஆண்டு வெட்டிய மரம் பாட்டிக்குப் பின்னால் தெரிவதில் என்ன குறை? நான் ஒரு படம் 4-இல் எடுப்பேன். அடுத்ததை 8-இல் எடுத்து மரத்தையும் லயத்தையும் உள்ளே கொண்டு வருவேன். வீட்டார் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் கேட்டு வாங்கிப் போகிறார்கள்.

எவ்வளவு நல்ல லென்சும் உச்சி வெயிலுக்கு முன் தோற்றுப்போகும். ஜொகூர் பூமத்திய ரேகைக்கு மிக அருகில் இருக்கிறது. வெயில் நேராக உச்சந்தலையில் இறங்கும். கண்குழி இரண்டும் கருத்துவிடும். 1982 ஜனவரி முதல் தேதி கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியதிலிருந்து நமக்கு உச்சி என்பது பகல் 1 மணியை ஒட்டித்தான். வேலை முடிந்து குளித்து நல்ல சட்டை போடுகிற நேரமும் அதுவே! மாலை ஐந்தரைக்கு மேல் எடுங்கள். அல்லது காலை ஒன்பதரைக்குள். இடையில் எடுத்தே தீர வேண்டுமானால் அஞ்சடியின் ஓரத்தில், கூரை நிழல் முடியும் இடத்தில், வெளிச்சத்தைப் பார்க்க உட்கார வையுங்கள். மரத்தடி குளுமையாகத் தோன்றும். ஆனால் இலை வழியே விழும் வெளிச்சம் முகத்தில் அம்மைத் தழும்பு போலப் புள்ளி போடும். 'மூன்றாம் பிறை' எடுத்த பாலுமகேந்திரா இயற்கை வெளிச்சத்தையே நம்பிப் பேர் வாங்கியவர். அவர் படங்களில் ஜன்னலோரமும் வாசலோரமும் முகங்களை எப்படிக் காட்டுகின்றன என்று ஒருமுறை கவனியுங்கள்.

இன்னொன்று. வெள்ளைச் சுவரோ வெளிறிய வானமோ பின்னால் இருந்தால், கேமரா அதற்குத் தக்கபடி வெளிச்சத்தைக் குறைத்து நம்மவர் முகத்தை இருட்டாக்கிவிடும். முகத்துக்கு அளவு வையுங்கள். கைப்பேசி என்றால் முகத்தைத் தொட்டு, வெளிச்சத்தைச் சற்று மேலே தள்ளுங்கள். முகத்தை வெளுப்பாக்கும் வித்தையை மட்டும் தொடாதீர்கள். வெயிலில் உழைத்த நிறம் அது. அதை அழித்துவிட்டால் பிறகு யாருடைய படம்?

நான்கு வீட்டார் சேர்ந்து ஒரு லென்சு வாங்கினாலும் போதும், தோட்டம் முழுவதற்கும் ஆகும். ஆனால் அலமாரியில் துணியோடு வைக்காதீர்கள். நம் ஊர் ஈரத்தில் கண்ணாடிக்குள் பூஞ்சணம் நூல் நூலாகப் படர்ந்துவிடும். தோல் உறையும் ஈரத்தை இழுக்கும். இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் இரண்டு போட்டு வையுங்கள். பொட்டலத்தை அவ்வப்போது மாற்றுங்கள். வாரம் ஒருமுறையாவது லென்சை வெளியே எடுத்து யாரையாவது படம் பிடியுங்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர் சும்மாதானே உட்கார்ந்திருக்கிறார்.