உயிர் காலேஜுக்குச் சான்று எங்கே?

2024 ஜூன் 2, ஞாயிறு

காபி ஆறுவதற்குள் கவனிப்புப் பட்டியலைத் திறந்து பார்ப்பது எனக்குப் பதினோரு வருடப் பழக்கம். தமிழ் விக்கிப்பீடியாவில் நாம் தொட்ட பக்கத்தை வேறு யார் தொட்டாலும் அதில் தெரிந்துவிடும். போன வாரம் நான் விரித்தெழுதத் தொடங்கிய 'பீப்பிள்ஸ் பார்க்' கட்டுரையில் ராத்திரியோடு ராத்திரியாக இரண்டு திருத்தங்கள். சேலத்து டீச்சர் என் 'கட்டிடம்' அத்தனையையும் 'கட்டடம்' ஆக்கியிருந்தார். அதில் எனக்குச் சண்டை இல்லை, அவர் தமிழாசிரியை. இரண்டாவதுதான் உறுத்தியது. யாழ்ப்பாணத்து நண்பர் ஒரு வாக்கியத்தின் வாலில் 'சான்று தேவை' என்று ஒட்டிவிட்டுப் போயிருந்தார்.

வாக்கியம் இது: இங்கிருந்த மிருகக்காட்சி சாலையைச் சென்னை மக்கள் 'உயிர் காலேஜ்' என்று அழைத்தார்கள்.

இதற்குப் போய்ச் சான்றா? எழும்பூர் மியூசியம் செத்த காலேஜ்; சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் இருந்தது உயிர் காலேஜ். அங்கே பாடம் பண்ணி வைத்த மிருகம், இங்கே உறுமுகிற மிருகம். புரசைவாக்கத்தில் வளர்ந்த எனக்கு இதை யாரும் உட்கார்த்திச் சொல்லித்தரவில்லை. 'தண்ணி', 'சோறு' மாதிரி தானாக வந்த சொல்.

அம்மாவிடம் சொன்னேன். எண்பது வயது. "என்னைக் கேக்கச் சொல்லு. உன்னை இடுப்புல தூக்கிட்டுப் போய்க் காட்டினவ நான்தானே" என்றாள்.

அம்மா சொன்னால் விக்கியில் செல்லாது. அதை அவளிடம் நான் சொல்லவில்லை.

ஜூன் 4, செவ்வாய்

வாக்கு எண்ணிக்கை நாள். அண்மைய மாற்றங்கள் பக்கம் கொதித்துக்கொண்டிருந்தது. முன்னணியில் இருப்பவரை வென்றவராக எழுதிவிட ஆட்கள் துடிக்க, அதை மீளமைப்பவர்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. எங்கள் பூங்காவின் பேச்சுப் பக்கத்தில் மட்டும் ஈ காக்கை இல்லை. மூன்று பேர் நிதானமாகச் சண்டை போட்டோம்.

முதல் சண்டை தலைப்பு. 'மக்கள் பூங்கா' என்று தமிழாக்க வேண்டும் என்றார் டீச்சர். இடப்பெயரை மொழிபெயர்த்தால் தேடுகிறவருக்குக் கிடைக்காது என்றேன் நான். கடைசியில் தலைப்பு பழையபடி நிற்க, 'மக்கள் பூங்கா' என்று தேடினாலும் இங்கேயே வந்து சேர ஒரு வழிமாற்று வைத்தோம். விக்கியில் பாதிச் சண்டையை வழிமாற்று தீர்த்துவிடும்.

இரண்டாவது, முதல் வாக்கியம். பல வருடம் முன்பு யாரோ 'சென்னையில் அமைந்துள்ள ஒரு பூங்கா ஆகும்' என்று எழுதிவைத்திருந்தார்கள். விக்கித் தமிழில் எல்லாமே ஆகும். மலை ஆகும், மீன் ஆகும், மாவட்டம் ஆகும். ஆனால் இந்தப் பூங்கா இன்று ஆகாதே! டீச்சர் 'பூங்காவாக இருந்தது' என்றார். முழுக்கப் போய்விடவில்லை, மை லேடீஸ் பூங்கா என்ற துண்டு மிச்சமிருக்கிறது என்றேன். பதினான்கு செய்திகள் போய்வந்த பிறகு மூவரும் ஒப்பியது: 'ஆளுநர் சார்லஸ் டிரெவெலியன் 1859-இல் சென்னையில் உருவாக்கிய பூங்கா. இதன் பெரும்பகுதி இன்று இல்லை.' பெயரே பயனிலையாக நிற்கும் வாக்கியம் தமிழில் உண்டு, 'ஆகும்' என்ற முட்டு வேண்டாம் என்று டீச்சர் ஒரு பாடமும் எடுத்தார்.

அந்த டிரெவெலியன், அயர்லாந்துப் பஞ்சத்தில் நிவாரணத்தைச் சுருக்கியதற்காக இன்றும் ஏச்சு வாங்குகிறவர். அதை இங்கே எழுதலாமா என்று கேட்டேன். "அவர் கட்டுரையில் இருக்கட்டும், பூங்கா மேல் ஏன் ஏற்றுகிறீர்கள்?" என்று பதில் வந்தது. சரிதான்.

ஜூன் 8, சனி

கேமராவோடு சென்ட்ரலுக்குப் போனேன். பூங்கா 116 ஏக்கர். எங்கே தொடங்கி எங்கே முடிந்திருக்கும் என்று நடந்து பார்த்தால்தான் பிடிபடும்.

விருந்தில் ஆளுக்கு ஒரு கை அள்ளிய பிறகு இலை எப்படி இருக்குமோ அப்படி இருக்கிறது. சிஷோம் வரைந்து நம்பெருமாள் செட்டியார் கட்டிய விக்டோரியா பப்ளிக் ஹால் 1890-க்குள் எழுந்தது. 1900-இல் மூர் மார்க்கெட். 1913-இல் ரிப்பன் மாளிகை. பிறகு விளையாட்டரங்கம், இப்போதிருக்கும் நேரு ஸ்டேடியம் 1993-இல் கட்டியது. மூர் மார்க்கெட் நின்ற இடத்தில் புறநகர் ரயில் நிலையம். அந்தக் கடைக்காரர்கள் போய்ச் சேர்ந்த வளாகத்துக்கு அல்லிக்குளம் என்று பெயர். பெயரில் மட்டும் குளம் இருக்கிறது.

கட்டுரையின் தகவல்சட்டத்தில் ஆள்கூறு என்று ஒரு கட்டம் உண்டு. இல்லாத பூங்காவுக்கு எந்தப் புள்ளியைக் குறிப்பது? கைப்பேசியில் நடுப்புள்ளி என்று நான் கணக்குப் போட்ட இடத்தில் ஒரு ஆட்டோ நின்றது. டிரைவர், "எங்க சார் போணும்?" என்றார். பீப்பிள்ஸ் பார்க் என்றேன். "அப்டி ஒண்ணும் இங்க இல்லையே சார்." கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டேன்.

விக்டோரியா ஹாலில் சாரம் கட்டிச் சீரமைப்பு நடந்துகொண்டிருந்தது. ரிப்பன் மாளிகை வெயிலில் கண் கூசியது. இரண்டையும் எடுத்தேன். திரும்பும் வழியில் ஒரு சுவரோவியம் நன்றாக இருந்தது. எடுத்தேன், ஆனால் விக்கிப் படங்கள் சேரும் பொதுவகத்தில் ஏற்ற முடியாது. பொது இடத்தில் நிலையாக நிற்கும் கட்டடத்தையும் சிலையையும் படமெடுத்து வெளியிட 1957-ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இடம் தருகிறது. சுவரில் வரைந்த ஓவியத்துக்கு அந்தச் சலுகை இல்லை. இது தெரியாமல் நான் முதல் வருடம் ஏற்றிய படங்களில் பல நீக்கப்பட்டன.

ஜூன் 12, புதன்

இன்று வெட்கக்கேடான ஒரு கண்டுபிடிப்பு.

மிருகக்காட்சி சாலை வண்டலூருக்கு 1979-இல் மாறியது என்று கட்டுரையில் பழைய வரி ஒன்று இருந்தது. சான்றாக ஒரு செய்தித் தளத்தின் இணைப்பு. யாழ்ப்பாணத்தார் அதைத் திறந்து படித்திருக்கிறார். வாக்கியத்துக்கு வாக்கியம் எங்கள் கட்டுரை! எங்களுடைய ஒற்றுப்பிழைகூட அப்படியே இருந்தது. பக்க வரலாற்றைப் பார்த்தால் எங்கள் வரி முதலில், அவர்கள் செய்தி அடுத்த ஆண்டு, அதைச் சான்றாக யாரோ இங்கே சேர்த்தது அதற்கும் பின்பு. நாம் எழுதிய மொய் வேறு கவரில் நமக்கே வந்திருக்கிறது.

உண்மை என்ன? 1979-இல் வண்டலூரில் வேலை தொடங்கியது. அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவாக எம்.ஜி.ஆர் திறந்துவைத்தது 1985 ஜூலை 24. அடிக்கல்லைத் திறப்பு விழா என்று எழுதியதுபோல ஒரு தவறு. திருத்தினோம்.

திருத்தும்போதுதான் பக்கத்து வரி கண்ணில் பட்டது. மூர் மார்க்கெட் எரிந்தது 1985 மே 30. அந்த மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடையும் புலிக்கூண்டும் இரண்டு மாத இடைவெளியில் ஒரே பூங்காவிலிருந்து போயிருக்கின்றன. இரண்டுக்கும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் என்னைக் கூட்டிப்போன அப்பா, அந்த வருடத்துக்குப் பிறகு சென்ட்ரல் பக்கம் ஊருக்குப் போக மட்டுமே வந்தார். இதைக் கட்டுரையில் எழுத முடியாது. இங்கே எழுதிக்கொள்கிறேன்.

ஜூன் 16, ஞாயிறு

நேற்று முழுநாள் ஒரு நூலகத்தில். பழைய தொகுதிகளைக் கேட்டால் பைண்டிங்குக்குப் போயிருக்கிறது என்றார்கள். எப்போது வரும்? தெரியாது. போன வருடமும் இதே பதில். கிடைத்தவற்றில் தேடினேன். செலவுக் கணக்கு இருக்கிறது, கூண்டுகளின் கணக்கு இருக்கிறது. ஜனங்கள் அதை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பது எங்கும் இல்லை. அறிக்கை எழுதியவர் உயிர் காலேஜுக்குப் போயிருந்தாலும் அப்படி எழுதியிருக்க மாட்டார்.

சலிப்போடு யாழ்ப்பாணத்தாரிடம் வாட்ஸ்அப்பில் பேசினேன். மூன்று வருடப் பழக்கத்தில் குரலைக் கேட்டது இதுவே முதல் முறை.

"அண்ணை, நீங்கள் சொல்லுறது உண்மையாத்தான் இருக்கும். நான் பிழை எண்டு சொல்லேல்லை. ஆனா நாளைக்கு நீங்களும் நானும் இல்லாத நேரம் ஒருத்தர் வந்து கேட்டா, காட்டுறதுக்கு ஒரு கடதாசி வேணும்."

அவர் யாழ்ப்பாணப் பொது நூலகக் கட்டுரையைப் பல வருடமாகக் கவனித்துவருபவர். 1981-இல் அது எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் போயின. "எங்களுக்கு ஊர் தெரியும், ஆனா ஊரைப் பற்றின கடதாசி போட்டுது" என்றார். அதனால்தான் கோயில் மலர், பள்ளிக்கூட மலர், சனசமூக நிலையத்து மலர் என்று கையில் கிடைப்பதையெல்லாம் ஸ்கேன் செய்து 'நூலகம்' மின்னூலகத்தில் சேர்க்கிறார்களாம். ஒரு கிராமத்துக் குளத்தின் பெயருக்கு அப்படியொரு பள்ளி மலரே சான்றாகியிருக்கிறது.

'சான்று தேவை' என்று அவர் ஒட்டியது என்னைச் சீண்ட அல்ல. கோபித்துக்கொண்டதற்காக மன்னிப்புக் கேட்டேன். "அதுக்கென்ன அண்ணை" என்றார்.

ஜூன் 19, புதன்

டீச்சர் கண்டுபிடித்துவிட்டார். சென்னையின் பழைய கதைகளைச் சொல்லும் பத்தி ஒன்று, நாளிதழில் அச்சில் வந்தது. உயிர் காலேஜும் செத்த காலேஜும் ஒரே வரியில் ஜோடியாக இருக்கின்றன. சான்றைச் சேர்த்தோம், ஒட்டியிருந்த வில்லையை எடுத்தோம்.

பத்தி வந்தது ஆங்கில நாளிதழில். சென்னைத் தமிழர் வாயில் பிறந்த சொல்லுக்கு எங்களுக்குக் கிடைத்த ஒரே சாட்சி ஆங்கில எழுத்தில் இருக்கிறது. சந்தோஷப்படவும் முடியவில்லை.

மதியம் பெயரில்லாத ஐபி ஒருவர் கட்டுரையின் நடுவே தன் காதலியின் பெயரையும் ஒரு இதயத்தையும் செருகினார். டீச்சர் நான்கு நிமிடத்தில் நீக்கினார். பூங்கா என்றால் மரத்தில் பெயர் செதுக்க ஒருவர் வரத்தான் செய்வார்.

ஜூன் 23, ஞாயிறு

ராத்திரி தூக்கம் வராமல் ஒரு எண்ணம். மியூசியத்தையும் மிருகக்காட்சி சாலையையும் ஏன் 'காலேஜ்' என்றார்கள்? அங்கே யாரும் படிக்கவில்லையே.

அரசு அருங்காட்சியகம் 1851-இல் தொடங்கியது எழும்பூரில் அல்ல, நுங்கம்பாக்கத்தில் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி வளாகத்தில். இன்றும் அந்தத் தெருவுக்குக் காலேஜ் ரோடு என்றே பெயர். 1854-இல் எழும்பூர் பாந்தியன் வளாகத்துக்கு மாறியது. அதன் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர் 1855-இல் அந்த வளாகத்திலேயே உயிருள்ள மிருகங்களையும் வைத்தார். அவை பிறகு பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போயின. அப்படியானால் உயிர் காலேஜும் செத்த காலேஜும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். காலேஜில் பிறந்ததால் காலேஜ்! முகவரி மாறிய பிறகும் ஜனங்கள் பழைய வீட்டுப் பெயரை விடவில்லை.

விடிவதற்குள் எழுதிச் சேர்த்தேன். ஏழு மணிக்கு யாழ்ப்பாணத்தார் நீக்கிவிட்டார். காரணம் இரண்டே சொல்: சொந்த ஆய்வு. ஆண்டுகளுக்குச் சான்று உண்டு, இடங்களுக்கு உண்டு. 'ஆகவே பெயர் வந்தது' என்ற முடிச்சு மட்டும் என்னுடையது. கலைக்களஞ்சியத்தில் முடிச்சுப் போடும் உரிமை எழுதுகிறவருக்குக் கிடையாது. இந்த முறை கோபம் வரவில்லை. ஆண்டுகள் நின்றன, முடிச்சு போனது.

ஜூன் 30, ஞாயிறு

கட்டுரை ஓரளவு நிறைந்துவிட்டது. மூன்று பேரைத் தவிர இன்னும் ஐந்தாறு பேர் தொட்டிருக்கிறார்கள். ஒருவர் பகுப்புச் சேர்த்தார், ஒருவர் விக்கித்தரவில் இணைத்தார், ஒரு தானியங்கி வந்து இடைவெளிகளைச் சரிசெய்துவிட்டுப் போனது. கீழே யார் பெயரும் இல்லை. அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். உயிர் காலேஜ் வரி வந்ததும், "நான் சொன்னது வந்திருச்சா?" என்றாள். வந்துவிட்டது என்றேன்.

2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் இன்று ஒன்றரை லட்சத்துக்கு மேல் கட்டுரைகள். அவற்றில் ஊர்ப் பூங்கா, மணிக்கூண்டு, சந்தை பற்றிய பல கட்டுரைகள் மூன்று வரியோடு நிற்கின்றன. எழுத ஆளில்லாமல் அல்ல. எழுதினால் காட்டச் சான்றில்லாமல்.

அதனால் படிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். விக்கியில் எழுத வருவீர்களோ மாட்டீர்களோ, உங்கள் பள்ளியின் நூற்றாண்டு மலர், நகர் நலச் சங்கத்தின் ஆண்டு மலர், கோயில் குடமுழுக்கு மலர் என்று ஏதாவது ஒன்று உங்கள் கைக்கு வரும். வாழ்த்துச் செய்திகளுக்கு நடுவில் ஒரு பக்கத்தை உங்கள் ஊர்ப் பூங்காவுக்கு ஒதுக்குங்கள். யார் அமைத்தது, எந்த ஆண்டு, ஜனங்கள் அதை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று எழுதுங்கள். அச்சான தேதியைப் போட மறக்காதீர்கள். ஒரு பிரதியை நூலகத்துக்குக் கொடுங்கள். மற்றதை எங்களைப் போன்றவர்கள் பார்த்துக்கொள்கிறோம்.