எழுத்துப் பாறை

நெடுநாள் அயல்நாட்டில் இருந்துவிட்டு ஊர் திரும்புவோரை நம் மக்கள் இரண்டு கேள்விகள் கேட்பது வழக்கம். "என்ன கொண்டு வந்தீர்கள்?" என்பது சிறுவர் கேள்வி. "என்னென்ன பார்த்தீர்கள்?" என்பது பெரியவர் கேள்வி. எட்டுத் திங்கள் உரோமையில் தங்கிப் படித்து, விடுமுறையில் வேறு சில நாடுகளையும் கண்டு, மார்கழித் தொடக்கத்தில் சொந்த ஊராகிய கொட்டாம்பட்டிக்குத் திரும்பிய நாமும் இவ்விரு கேள்விகளுக்கும் விடையை ஆயத்தமாக வைத்திருந்தோம். ஆனால் நம்மிடம் மூன்றாவதாக ஒரு கேள்வி கேட்கப்பட்டது. அதற்கு நம்மிடம் விடை இல்லை.

மதுரை மாட்டுத்தாவணியில் திருச்சிப் பேருந்தில் ஏறினோம். மேலூர்ப் பக்கமெல்லாம் நெல் வயல்கள் கண்ணைக் குளிர்வித்தன. மேற்கே பாய்ந்த பெரியாற்று நீரை, 1895-இல் கட்டி முடித்த அணையால் கிழக்கே திருப்பினார்களே, அந்த நீரின் கொடை அது. மேலூரைக் கடந்து வடக்கே செல்லச் செல்ல, நிலம் கண்மாயையும் வானத்தையும் நம்பி வாழும் மண்ணாகிறது. பாறைக் குன்றுகள் தலைகாட்டுகின்றன. கருங்காலக்குடிக் குன்று வந்தபோது பொழுது மயங்கிற்று. வழக்கம்போல் அதைச் சன்னல் வழியே ஒரு பார்வை பார்த்தோம். நத்தம் சாலையும் சிங்கம்புணரிச் சாலையும் நெடுஞ்சாலையோடு கூடுகிற நம் ஊரில் இறங்கியதும், 'வீடு வந்து சேர்ந்தோம்' என்று மனம் நிம்மதியுற்றது.

முதலில் பெரியப்பா வீட்டிற்கே சென்றோம். பெரியப்பா இல்லை. ஆனி மாதத்தில் அவர் காலமான செய்தி தொலைபேசி வழியே நமக்கு எட்டியபோது தேர்வுகள் நடந்துகொண்டிருந்தன. வர இயலவில்லை. அவருக்காக அங்கே திருப்பலி ஒப்புக்கொடுத்து நம்மை நாமே தேற்றிக்கொண்டோம். தந்தையை இழந்த நம்மை, தம் ஆடுகளை விற்றுக் குருமடத்திற்கு அனுப்பிவைத்தவர் அவர். எழுதப் படிக்க அறியாதவர்.

பெரியம்மா மோர் கொடுத்தார்கள். அண்டை வீட்டாரும் வந்து அமர்ந்தார்கள். நாம் கதை சொல்லத் தொடங்கினோம். ஆப்பியா சாலையில் பூமிக்கடியிலுள்ள புனித கலிஸ்து கல்லறைகளையும், ஆதிக் கிறிஸ்தவர் அங்கே கல்லில் கீறிவைத்த எழுத்துகளையும், அவற்றின்முன் வாயடைத்து நின்றதையும் விரித்துரைத்தோம். யாவும் கேட்டிருந்த பெரியம்மா மெதுவாகக் கேட்டார்கள்: "அவ்வளவு தூரம் போய்க் கல்லெழுத்துப் பார்த்தீர்களே சாமி, உங்கள் பெரியப்பா காட்டுகிறேன், காட்டுகிறேன் என்று கூப்பிட்டாரே, அந்த எழுத்துப் பாறையை என்றைக்காவது பார்த்தீர்களா?"

அக்குரலில் குறை கூறும் தொனி இல்லை. அதுவே நம்மை அதிகம் சுட்டது. சிறு வயதில் கருங்காலக்குடித் தாய்மாமன் வீட்டு ஆடுகளை மேய்த்தவர் பெரியப்பா. விடுமுறைக்கு நாம் வரும்போதெல்லாம் அக்குன்றுக்கு அழைப்பார். "அடுத்த முறை பார்க்கலாம் பெரியப்பா" என்போம். இவ்வாறு முப்பது ஆண்டுகள் கழிந்தன.

அன்றிரவு உறக்கம் கொள்ளவில்லை. தனிநாயகம் அடிகளாரை எண்ணிக்கொண்டோம். யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறைப் பகுதியில் 1913-இல் பிறந்த அடிகளார், 1934 முதல் 1939 வரை உரோமையில் பயின்று, அங்கேயே குருப்பட்டம் பெற்றவர். பின்னர் நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்துப் பள்ளிக்குப் பணியாற்ற வந்தார். பன்மொழி அறிந்த அவர் தமிழிலக்கியத்தை முறையாகக் கற்கத் தொடங்கியது அவ்வூரில்தான். 1945-இல், முப்பது வயதைக் கடந்தபின், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மாணவராய் அமர்ந்தார். உரோமைப் பட்டமே போதுமென்று அவர் இருந்துவிடவில்லை. பின்னாளில் அந்தாம் தெ புரோயென்சா தொகுத்து 1679-இல் அச்சேறிய தமிழ்–போர்த்துகீசிய அகராதியை அவர் வத்திக்கான் நூலகத்தில் கண்டெடுத்து, 1966-இல் கோலாலம்பூரில் மறுபதிப்பாக வெளியிட்டார். மாணவராய் வாழ்ந்த அதே நகரம், தாய்மொழியைக் கற்றுச் சென்ற பின்னரே அவருக்கு இந்தச் செல்வத்தைக் காட்டிற்று.

மறுநாள் விடியற்காலையில் பெரியப்பாவின் பேரனை அழைத்துக்கொண்டு கருங்காலக்குடி சென்றோம். பையன் தாத்தாவோடு பலமுறை வந்தவனாம். காலை எங்கே ஊன்றவேண்டும் என்று நமக்குச் சொல்லிக்கொண்டே ஏறினான். இயற்கையாய் அமைந்த பாறைக் குடை. அதன்கீழ்ச் சமணத் துறவியர்க்காக வழவழப்பாய்ச் செதுக்கிய கற்படுக்கைகள். மழைநீர் உள்ளே வழியாதவாறு பாறையின் நெற்றியில் வெட்டிய காடி. அங்கே ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட தமிழி எழுத்து ஒருவரி. எழையூர் என்னும் ஊர்ப்பெயரும், 'பள்ளி' என்னும் சொல்லின் பழைய வடிவமும் அதில் உள்ளன என்பர் அறிஞர். துறவியர் உறைவிடத்தைக் குறித்த அச்சொல்லையே இன்று நம் பிள்ளைகள் படிக்கும் இடத்திற்கும் வழங்குகிறோம்.

இலத்தீனும் இத்தாலியமும் கற்ற நமக்கு, அவ்வரியில் ஓரெழுத்தையும் கூட்டிப் படிக்க இயலவில்லை. அப்பாறையின்முன் பெரியப்பாவும் நாமும் ஒன்றே. ஒரே வேறுபாடு, அவர் அதை நாடி வந்தார்; நாம் சன்னல் வழியே கடந்துபோனோம்.

திரும்பி வந்து, "பார்த்துவிட்டோம் பெரியம்மா" என்றோம். அந்த எழுத்தில் என்ன சொல்லியிருக்கிறது என்று கேட்டார்கள். அறிஞர் சொல்வதைச் சொன்னோம். பெரியம்மா சற்று நேரம் பேசாதிருந்து, "அவருக்கு அது தெரியாது. ஆனால் அந்தப் படுக்கையின் மேல் ஆட்டை ஏற விடமாட்டார், யாரோ பெரியவர்கள் படுத்த இடம் என்பார்" என்றார்கள்.

வரும் ஆனியில் பெரியப்பாவின் ஆண்டு நினைவுத் திருப்பலி. அந்நாளில் நாம் கொட்டாம்பட்டியில் இருப்போம் என்று பெரியம்மாவுக்கு வாக்களித்திருக்கிறோம்.