வைத்தியச்சி என்ற பெயர்

எங்கள் தெருவில் கொஞ்ச காலம் எனக்கு வைத்தியச்சி என்று பெயர். யாரும் கேலிக்குச் சொல்லவில்லை. நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. உள்ளுக்குள் அந்தப் பெயர் இனித்தது. இப்போது சொன்னால்தான் உண்டு.

பொம்மிடிக்குச் சாமந்தி புதிதல்ல. தர்மபுரி மாவட்டத்தில் மஞ்சள் சாமந்தி பூத்துக் கிடக்கும் கொல்லைகளைப் பார்த்தே வளர்ந்தவள் நான். அதனால் பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் கெமோமில் விதைப் பொட்டலத்தை நீட்டியபோது, மேலே இருந்த படத்தைப் பார்த்து, “இது நம்ம சாமந்திக்கு நோஞ்சான் தங்கச்சி மாதிரி இருக்கேடா” என்றேன். சீமைச் சாமந்தி அது. அவன் வாங்கி வந்தது என் தூக்கத்துக்காக. வீடு ரயில் பாதையை ஒட்டி. சேலத்துக்கும் ஜோலார்பேட்டைக்கும் நடுவே ராத்திரி முழுக்க ஏதாவது ஒரு வண்டி போய்க்கொண்டே இருக்கும். சரக்கு வண்டி போனால் பாத்திர அலமாரியே பேசும்.

விதை, மூச்சு பட்டால் பறக்கிற அளவுக்குப் பொடி. ஒரு கிராமில் பல ஆயிரம் இருக்கும். மணலோடு கலந்து தூவிக் கையால் லேசாக அமுக்கிவிட வேண்டும், அவ்வளவுதான். மண் போட்டு மூடக்கூடாது. வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும். ஐப்பசி மழையில் தூவினால் அத்தனையும் அடித்துக்கொண்டு போய்விடும். மழை குறையும் கார்த்திகைதான் எங்கள் ஊருக்குத் தோது. பிறகு சேர்வராயன் மலைப் பக்கமிருந்து வரும் மார்கழிக் குளிர் மற்றதைப் பார்த்துக்கொள்ளும். தை பிறந்தால் பூ. மாசியோடு சரி, பங்குனி வெயிலை அது தாங்காது.

தண்ணீரை நினைத்துத்தான் எனக்குப் பயம். குடிக்க ஒகேனக்கல் தண்ணீர் இருக்கிறது. செடிக்குப் போர்த் தண்ணீர்தான், அதுவோ உப்பு. ஆனால் செடி முகம் சுளிக்கவே இல்லை. காரணம் பிறகு படித்துத் தெரிந்தது. மொகலாயர் காலத்திலேயே பஞ்சாபுக்கு வந்துவிட்ட இந்தச் செடியை 1964-65இல் லக்னோவின் களர் நிலத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள், நன்றாகவே வந்திருக்கிறது. அங்கே உள்ள மத்திய மருத்துவ, நறுமணத் தாவர ஆராய்ச்சி நிறுவனம் ‘வல்லரி’ என்று ஒரு ரகமே வெளியிட்டிருக்கிறது. வேறு எதுவும் விளையாத மண்ணுக்கு ஒரு பிழைப்பு.

முதல் பூவை நகத்தால் நெடுக்காகப் பிளந்து பார்த்தேன். நடுவில் இருக்கும் மஞ்சள் கூம்பு உள்ளே வெறும் கூடு. அப்படி இருந்தால்தான் அசல். கெட்டியாக இருந்தால் வேறு ஏதோ. முகர்ந்தால் ஆப்பிள் வாசம். வெள்ளை இதழ்கள் மட்டமாக விரிந்து நிற்கும்போதே பறிக்க வேண்டும், தொங்கிவிட்டால் உதிரும். நிழலில் உலர்த்தினால் ஐந்தில் ஒரு பங்கு மிஞ்சும். ஒரு கூடை நிறையப் பறித்தும் சிறு பாட்டிலுக்கு மேல் தேறாது. கூலிக்குப் பூப்பறிக்க வரும் பெண்களைக் கேட்டால் இதற்குச் சம்மதிக்கவே மாட்டார்கள்.

வீட்டுக்காரர் முதல் நாளே அதைப் பால், சர்க்கரை போட்டுக் கொதிக்க வைத்துவிட்டார். குடித்துவிட்டு அவர் சொன்னதை எழுத முடியாது. கொதித்த வெந்நீரைப் பூவின் மேல் ஊற்றி ஐந்து, பத்து நிமிடம் தட்டால் மூடி வைக்க வேண்டும். மூடாவிட்டால் வாசனை எண்ணெய் ஆவியோடு போய்விடும். அந்த எண்ணெய்க்கு ஒரு வேடிக்கை உண்டு. பூவில் நீலம் துளிகூட இல்லை. நீராவியில் வடித்தால் எண்ணெய் மட்டும் நல்ல நீலமாக இறங்குகிறது. பூவில் இருக்கும் மாட்ரிசின் என்ற பொருள் அந்தச் சூட்டில் சமாசுலீனாக மாறுவதால் வரும் நிறம்.

பக்கத்து வீட்டு அக்காதான் முதலில் கேட்டார். “தூக்கம் வருமா?” “வரும்க்கா.” பிறகு வயிற்று உப்புசத்துக்கு ஒருவர், பேத்தியின் மாதவலிக்கு ஒருவர், படபடப்புக்கு ஒருவர். எல்லாருக்கும் தாளில் மடித்துக் கொடுத்தேன், எல்லாருக்கும் “கேக்கும்” என்றேன். எனக்குத் தூக்கம் வந்ததா என்று ஒருவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வரவில்லை. சரக்கு வண்டி சரக்கு வண்டியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் வாசலில் நின்று ஒருவர் “நீங்க குடுத்ததுதான் கேட்டுச்சு” என்னும்போது உடம்பில் ஒரு மிதப்பு வரும். அதற்காகவே இன்னும் ரெண்டு தொட்டி வைத்தேன்.

அடுத்த தெரு பெரியம்மாவும் வாங்கிப்போனார். இதய வால்வு மாற்றியவர். மறுநாள் அவர் மகள், வேலூரில் நர்ஸ், போனில் கேட்டாள்: “ஆன்ட்டி, அம்மா வார்ஃபரின் சாப்பிடுறாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?” தெரியாது. நான் கேட்டதே இல்லை. நல்ல வேளை, பொட்டலம் சமையலறை ஆணியிலேயே தொங்கியிருக்கிறது. ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரை அது. கனடாவில் 70 வயதுப் பெண் ஒருவர் அந்த மாத்திரையோடு இந்தத் தேநீரைக் குடித்து, இதே பூவின் லோஷனையும் தடவி, உள்ளுக்குள் ரத்தம் கசிந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்ததை 2006இல் மருத்துவ இதழிலேயே எழுதியிருக்கிறார்கள். அன்றைக்குத்தான் உட்கார்ந்து படித்தேன். தூக்கத்தைப் பற்றியும் அப்போதுதான். 2011இல் வெளியான அமெரிக்க மிச்சிகன் ஆய்வு ஒன்றில், தூக்கமின்மை உள்ள 34 பேரில் ஒரு பாதிக்கு 28 நாள் கெமோமில் மாத்திரையும் மறுபாதிக்கு வெறும் மாத்திரையும் கொடுத்திருக்கிறார்கள். தூக்கத்தில் சொல்லும்படி வித்தியாசமே இல்லை. 34 பேர் என்பது சின்னக் கணக்கு என்பதையும் சொல்லிவிட வேண்டும். பார்த்தீனியமும் இதே குடும்பம். அந்தச் செடி பட்டாலே தும்மலும் அரிப்பும் வருகிறவர்கள் எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவர். அவர்களுக்கு இதுவும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

செடியை விடவில்லை. சாப்பாட்டுக்குப் பின் வெதுவெதுப்பாக ஒரு டம்ளர் எனக்கு இன்னும் பிடிக்கிறது. கேட்டு வருகிறவர்களிடம் மட்டும் என்ன மாத்திரை சாப்பிடுறீங்க, அட்டையைக் கொண்டு வாங்க என்கிறேன். தூக்கத்துக்கா என்றால், எனக்கு வரல என்று சொல்லிவிடுகிறேன். பக்கத்து வீட்டு அக்காவுக்கு இதில் வருத்தம். “வைத்தியச்சின்னா கேள்வி கேக்காம குடுக்கணும்” என்றார். இப்போது கோயில் பக்கம் ஒரு வீட்டில்தான் வாங்குகிறாராம். அங்கே கேட்டதும் கொடுக்கிறார்கள், எல்லாவற்றுக்கும் கேட்கும் என்றும் சொல்கிறார்கள். போன மாசியில் விதை கேட்டு வந்து என்னிடம் ஒரு பிடி வாங்கிப்போன வீடு அது. நாளைக்கு ஒரு நடை போய் மாத்திரை விஷயத்தைச் சொல்லிவிட்டு வர வேண்டும். பொறாமையில் சொல்கிறேன் என்றுதான் நினைப்பார்கள்.